விமான நிலைய வாசலில் யாருக்குக் காவல்?

களையெடுக்கப் போகிறவளுக்கும் மில்லில் நூல் ஓட்டுகிறவனுக்கும் விமான நிலையத்தில் என்ன சோலி என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பஸ்ஸுக்கே காசு எண்ணிப் பார்க்கிற நம்மிடம் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுவது, பசித்தவனிடம் விருந்துச் சமையலைப் பற்றிப் பேசுவது போல் இருக்காதா?

இருக்காது. தென்காசி ஜில்லாவில் வளைகுடாவுக்கு ஆள் போகாத ஊர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடையநல்லூரை விடுங்கள், அது உலகம் அறிந்தது. ஆய்க்குடியில், அதன் சுற்றுப்பட்டியில், வயலில் வேலை குறைந்தபோது கொத்து வேலைக்கும் கம்பி கட்டவும் டிரைவர் வேலைக்கும் கடல் கடந்தவர்கள் நம்மவர்கள்தானே? செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறவன் உல்லாசப் பிரயாணி அல்ல. வட்டிக்குக் கடன் வாங்கி டிக்கெட் எடுத்த கூலித் தொழிலாளி. அவன் மூட்டையோடு வாசலில் நிற்கிறபோது துப்பாக்கி ஏந்திய சிப்பாய் முதலில் கேட்கிற கேள்வி: "நீ யார்? அதற்கு அத்தாட்சி எங்கே?"

இந்தக் கேள்வியைத்தான் நாம் இன்று விசாரிக்கப் போகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். உள்நாட்டு விமானத்தில் போகிறவர் எந்தெந்தச் சான்றைக் காட்டலாம் என்று விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2017 அக்டோபரில் ஒரு பட்டியல் வெளியிட்டது. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார், பான் அட்டை, டிரைவிங் லைசென்ஸ், வேலை பார்க்கும் இடத்து அட்டை, மாணவர் அட்டை, போட்டோ ஒட்டிய தேசிய வங்கி பாஸ் புத்தகம், பென்ஷன் அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை ஆகிய பத்தில் ஏதாவது ஒன்று போதும். பெற்றோருடன் போகும் குழந்தைக்குத் தனிச் சான்று வேண்டாம். இதுவரை நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஏழைக் குடும்பம் பெட்டியில் பூட்டி வைத்துக் காக்கிற ரேஷன் கார்டும் நூறு நாள் வேலை அட்டையும் அந்தப் பத்தில் இடம் பெறவில்லை. சரி, பத்தும் இல்லாதவன் என்ன செய்வது? அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள்: 'குரூப் ஏ' கெஜட்டட் அதிகாரி ஒருவர் தம் அலுவலகத் தாளில் போட்டோ ஒட்டிச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கட்டும் என்று! நாற்றங்காலில் நிற்கிறவளுக்கு கெஜட்டட் அதிகாரியைத் தெரியுமா, அல்லது அந்த அதிகாரிக்குத்தான் இவளைத் தெரியுமா?

"இன்று எல்லோரிடமும் ஆதார் இருக்கிறதே, எதற்கு இந்தக் கூச்சல்?" என்பார்கள். இருக்கிறது. அட்டை இருப்பது ஒன்று, அட்டையில் இருக்கிற பெயர் வேறொன்று. இங்கேதான் நம்மவர்கள் வகையாக மாட்டிக்கொள்கிறார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். ஆனால் பாஸ்போர்ட் பாரத்தில் இரண்டு கட்டம்: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். சுடலைமுத்து மகன் மாடசாமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் அவர் மாடசாமி. ஆதாரில் எஸ். மாடசாமி. பாஸ்போர்ட்டில் மாடசாமி சுடலைமுத்து. டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர் புண்ணியத்தில் சுடலைமுத்து மாடசாமி! ஊருக்கு ஒரே ஆள், காகிதத்துக்கு நாலு ஆள். இதில் 'சாமி' என்பதை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் நம் குமாஸ்தாக்கள் எழுதித் தொலைத்திருப்பார்கள்.

பிறந்த தேதி இன்னும் வேடிக்கை. வீட்டில் பிறந்து, வயது உத்தேசமாகச் சொல்லப்பட்டவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சேர்க்கைக்குத் தோதாக வேறொரு தேதி போட்டிருப்பார். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் குற்றம் யாருடையது? எழுதியவர்களுடையதா, எழுதப்பட்டவனுடையதா? அபராதம் மட்டும் எழுதப்பட்டவனுக்கு. ஆதாரில் ஒரு திருத்தம் செய்ய 50 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2025 அக்டோபர் 1 முதல் 75 ரூபாயாக்கினார்கள். பாஸ்போர்ட் என்றால் 1,500 ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஆக, பாஸ்போர்ட் கட்டணம் மட்டுமே ஏறக்குறைய நாலரை நாள் உழைப்பு. அலைந்த நாட்களில் போன கூலியை யார் கணக்கெழுதுவது?

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்தது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். விமான நிலையம் வரை வந்து மூட்டையோடு திரும்ப வேண்டிய நிலை. தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. நம் ஜனங்களின் பெயர் வைக்கும் முறை இன்னதென்று பிற நாடுகளுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வது டில்லி சர்க்காரின் வேலையா, மாடசாமியின் வேலையா?

பெயரோடு தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. பாஸ்போர்ட்டிலேயே ஒரு வர்க்கக் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவன் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் சர்க்காரின் தனி அனுமதி பெற வேண்டும். பத்தாவது தேறாவிட்டாலும் வருமான வரி கட்டுகிறவனுக்கு இந்த நிபந்தனை இல்லை! படிப்பில்லாதவனை ஏஜெண்டுகள் ஏமாற்றாமல் காக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். காப்பது நல்லதுதான். ஆனால் எப்படிக் காத்தார்கள் என்று பாருங்கள்.

2018 ஜனவரியில் வெளிவிவகார இலாகா ஒரு யோசனை சொன்னது. இந்த அனுமதி தேவைப்படுகிறவர்களின் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போடப்போகிறதாம். மற்றவர்களுக்கு வழக்கமான நீல அட்டை. அதாவது, வரிசையில் நிற்கும்போதே தூரத்திலிருந்து பார்த்து "இவன் படிக்காதவன், கூலிக்காரன்" என்று கண்டுகொள்ளலாம். இங்கேயுள்ள காவலன் மட்டுமல்ல, அங்கே இறங்குகிற இடத்து அதிகாரியும், அழைத்துப் போக வந்த முதலாளியின் கையாளும் கண்டுகொள்ளலாம். நாடெங்கும் கண்டனம் கிளம்பியது, கோர்ட்டுக்கும் போனார்கள். அந்த மாதம் 30-ந் தேதியே யோசனையைக் கைவிட்டார்கள். ஜனங்கள் எதிர்த்தால் சர்க்கார் பின்வாங்கும் என்பதற்கு இதைவிடச் சமீபத்திய உதாரணம் வேண்டாம்.

'காப்பாற்றுகிற' அதே சர்க்கார் 2020 செப்டம்பரில், கொரோனா கொடுமை உச்சத்தில் இருந்தபோது, வளைகுடா நாடுகளில் நம் தொழிலாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி அளவை 30 முதல் 50 சதவீதம் வரை வெட்டியது. கோர்ட்டு வழக்கும் எதிர்ப்பும் வந்த பிறகு 2021 ஜூலையில் வாபஸ் வாங்கினார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் காப்பாற்றுகிறோம் என்றவர்கள், கூலியில் கத்தி வைத்த கதை இது.

அங்கே போய் இறங்கியதும் என்ன நடக்கிறது? "அடையாளம் இல்லாமல் ஓரடி வைக்காதே" என்று இங்கே மிரட்டி அனுப்பினார்களே, அந்த அடையாளத்தைப் பல முதலாளிகள் முதல் நாளே பிடுங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பது அந்த நாட்டுச் சட்டங்களிலேயே குற்றம். ஆனாலும் நடக்கிறது. காகிதம் தொழிலாளியின் பெயரில், சாவி முதலாளியின் கையில்!

இது ஒன்றும் புதுக்கதை அல்ல. இலங்கைத் தோட்டத்துக்கு நம் பாட்டன்மார்களைக் கங்காணிகள் ஓட்டிப் போனபோது அவர்கள் கையில் பாஸ்போர்ட் இல்லை. தகர வில்லை இருந்தது. எந்த ஜில்லா, எந்தத் தோட்டம், ஆள் எண் எத்தனை என்று பொறித்த வில்லை. சரக்கு மூட்டைக்குச் சீட்டுக் கட்டுவது போல மனிதனுக்குக் கட்டினார்கள். தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். அதில் அவன் பட்ட கடன் எழுதியிருக்கும். அந்தக் கடனை ஏற்கிற துரைதான் அவனை வாங்கிக்கொள்ளலாம். 1921-இல்தான் துண்டு முறைக்குத் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தூரில் உழைத்த அதே ஜனங்களிடம் 1948-க்குப் பிறகு "நீ இந்த நாட்டான் என்பதற்குப் பத்திரம் காட்டு" என்று கொழும்பு சர்க்கார் கேட்டது. காட்ட முடியாத லட்சக்கணக்கான பேர் நாடற்றவர்களானார்கள். வேலை வாங்குகிறபோது தகர வில்லை போதும். உரிமை கேட்கிறபோது மட்டும் பத்திரம் வேண்டும்!

நம் மதுரைச் சீமையில் ரேகைச் சட்டம் என்று வெள்ளைக்காரன் ஒன்றை வைத்திருந்தான். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் கைரேகை பதிய வேண்டும். ஊரைவிட்டு வெளியே போனால் ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்கமாட்டோம் என்று நின்ற ஜனங்களைப் போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் பத்து விரல் ரேகை பதித்து அத்தாட்சி வாங்கச் சொன்ன சட்டத்தை எதிர்த்து, 1908 ஆகஸ்டு 16-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அத்தாட்சிகளை நெருப்பிலிட்டார்கள். அந்த மண்ணில் அடுத்து நடந்த போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் உயிர் விட்ட தில்லையாடி வள்ளியம்மை நெசவாளர் வீட்டுப் பெண் என்பதை நாம் மறக்கவில்லை.

அது அடிமைக் காலம், இது பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம். மூட்டையைச் சோதியுங்கள், மடியைத் தடவிப் பாருங்கள், இரும்பு இருக்கிறதா, வெடிமருந்து இருக்கிறதா என்று மிஷினை வைத்துப் பாருங்கள். இதற்கு எதிராக நாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானம் விழுந்தால் சாகிறவர்களில் நம் தொழிலாளியும் ஒருவன். ஆனால் பெயர் தெரிந்துவிட்டால் ஆபத்து போய்விடுமா? 2001 செப்டம்பர் 11-இல் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்திக் கட்டடங்களில் மோதிய 19 பேரில், ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அமெரிக்க அடையாள அட்டை ஏதாவது ஒன்றை வைத்திருந்தார்கள் என்று அந்நாட்டு விசாரணைக் கமிஷனே எழுதியது. 1999 டிசம்பர் 24-இல் காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தியவர்கள் ஆயுதங்களோடு உள்ளே ஏறினார்கள். அந்த ஆயுதங்களைக் கண்டுபிடிக்காமல் விட்டது சோதனையின் ஓட்டை, அட்டையின் ஓட்டை அல்ல. அதன் பேரில் விடுதலை செய்யப்பட்ட மசூத் அசார், 1994-இல் டில்லி விமான நிலையத்தில் வந்து இறங்கியது போர்த்துகீசு பாஸ்போர்ட்டைக் காட்டித்தான். அட்டை அவனைத் தடுத்ததா?

இன்னொரு கதையும் உண்டு. 1996 ஜூலையில் நியூயார்க் அருகே ஒரு விமானம் வெடித்து விழுந்தது. வெடிகுண்டு என்று பயந்து, அதன் பிறகு அமெரிக்க விமான நிலையங்களில் அடையாளம் கேட்பது கெடுபிடியானது. நாலு வருஷம் விசாரித்துப் பெட்ரோல் டாங்கு வெடித்ததே காரணம் என்று சொன்னார்கள். குண்டு இல்லை என்று தெரிந்தும் கெடுபிடி போகவில்லை. ஏன் போகவில்லை? ஒருவர் பெயரில் வாங்கிய டிக்கெட்டை மற்றவருக்கு விற்க முடியாமல் போனதால் விமானக் கம்பெனிகளுக்கு லாபம். இப்போது கேளுங்கள்: சரியான அட்டை இல்லாத பிரயாணி 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் கட்டினால் ஆள் யாரென்று வேறு வழியில் சரிபார்க்கிறோம் என்று அமெரிக்க சர்க்கார் 2025 டிசம்பரில் அறிவித்தது. அட்டை இல்லாதவன் ஆபத்தானவன் என்றால் 45 டாலர் எப்படி அவனைச் சாதுவாக்கும்?

பெயரும் முகமும் நன்றாகத் தெரிந்தவர்களை நம் சர்க்கார் எப்படி நடத்துகிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. விஜய் மல்லையா வங்கிகளுக்கு 9,000 கோடி ரூபாய் பாக்கி வைத்திருந்தார். கண்டால் பிடித்து வை என்றிருந்த நோட்டீஸை, கண்டால் தகவல் சொல் என்று சி.பி.ஐ. 2015 நவம்பரில் மாற்றியது. 2016 மார்ச் 2-ந் தேதி அவர் ராஜ்யசபை மெம்பர் என்ற ஹோதாவில் பெற்ற ராஜதந்திரப் பாஸ்போர்ட்டோடு, பெட்டிகளோடு, டில்லி விமான நிலையத்தில் ராஜநடை போட்டு லண்டனுக்குப் பறந்தார். நீரவ் மோடி 2018 புத்தாண்டு தினத்தில் பறந்தார். அவர்கள் பெயரில் எழுத்துப் பிழை இல்லை. மாடசாமியைப் போல 'சாமி'யில் ஓரெழுத்துக் கூடியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பார்களோ என்னவோ!

சோதனை எல்லோருக்கும் ஒன்று என்பதும் பொய். ஜனாதிபதி, பிரதமர் தொடங்கி கவர்னர்கள், முதலமைச்சர்கள், மத்திய மந்திரிகள் என்று உடல் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஜனாதிபதியின் பையைத் துழாவ வேண்டுமென்று நாம் அடம் பிடிக்கவில்லை. ஆனால் ஆய்க்குடி என்றதும் உடல் ஊனமுற்றோருக்காக 1981 முதல் உழைக்கும் அமர் சேவா சங்கம் நினைவுக்கு வருகிறதல்லவா? செயற்கைக் கால் வைத்தவர்களை அந்தக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள். நாடறிந்த நாட்டியக்காரி சுதா சந்திரன், ஒவ்வொரு தடவையும் தனக்கு இந்த அவமானம் நேர்கிறது என்று 2021 அக்டோபரில் பகிரங்கமாகக் குமுறினார். அதன் பிறகு பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. பிரபலத்துக்கு மன்னிப்பு. பேர் தெரியாதவனுக்கு?

பாஷையும் ஓர் அடையாள அட்டை ஆகிவிட்டது. 2020 ஆகஸ்டு 9-ந் தேதி சென்னை விமான நிலையத்தில், "எனக்கு ஹிந்தி தெரியாது, தமிழிலோ இங்கிலீஷிலோ பேசுங்கள்" என்று சொன்ன நம் பக்கத்துத் தூத்துக்குடி எம்.பி. கனிமொழியை, "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டார் ஒரு பாதுகாப்புப் படை அதிகாரி. பார்லிமெண்டு மெம்பருக்கே இந்தக் கதி! வாசலில் நிற்கிற அந்தப் படை, 1969-இல் பொதுத்துறை ஆலைகளைக் காக்க என்று அமைக்கப்பட்டது. 2000 முதல் விமான நிலையங்களையும் அதனிடம் ஒப்படைத்தார்கள். மில் தொழிலாளிக்குக் கேட் பாஸும் சோதனையும் பழக்கம்தான் என்பதால் இதைச் சொல்கிறோம். அந்தச் சிப்பாய் மீது நமக்குப் பகை இல்லை. அவனும் எங்கோ ஓர் ஏழைக் குடியானவன் மகன். அவனுக்கு உத்தரவு போடுகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு.

இப்போது காகிதமும் போதாதாம், முகமே வேண்டுமாம். 2022 டிசம்பர் 1-ந் தேதி டில்லி, பெங்களூர், வாரணாசியில் 'டிஜி யாத்ரா' என்று தொடங்கினார்கள். ஆதாரை இணைத்து முகத்தைப் பதிவு செய்துகொண்டால் கதவு தானே திறக்குமாம். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். ஆனால் வாசலில் நிற்கிறவர்கள் விவரம் சொல்லாமலே முகத்தைப் படம் பிடிக்கிறார்கள் என்று 2024 தொடக்கத்தில் பிரயாணிகள் பலர் புகார் செய்தார்கள். இந்த முகங்களை வைத்திருப்பது யார்? 2019-இல் ஏற்படுத்திய ஒரு கம்பெனி. அதில் சர்க்காரின் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்குதான். மீதி 74 சதவீதம் டில்லி, மும்பை, பெங்களூர், ஹைதராபாத், கொச்சி விமான நிலையக் கம்பெனிகளுக்கு. எனவே தகவல் உரிமைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்பது சர்க்கார் வாதம். மும்பை விமான நிலையம் அதானியுடையது. நம்மவர்கள் விமானம் ஏறுகிற திருவனந்தபுரத்தையும், கேரள சர்க்கார் எதிர்த்தும் கேளாமல், 2021 அக்டோபரில் 50 வருஷக் குத்தகைக்கு அதே அதானியிடம் கொடுத்தார்கள். பிரயாணியின் முகம் கம்பெனிக்குத் தெரியலாம். கம்பெனியின் கணக்கு பிரயாணிக்குத் தெரியக்கூடாது! பாதுகாப்புக் கட்டணம் என்று உள்நாட்டு டிக்கெட்டில் 200 ரூபாயும் வெளிநாட்டு டிக்கெட்டில் 12 டாலரும் 2021 ஏப்ரல் முதல் வசூலித்தார்களே, தன்னைச் சோதிப்பதற்குத் தானே கூலி கொடுக்கிறான் தொழிலாளி.

"யோக்கியனுக்கு ஏன் பயம்?" என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு பதில். மேற்கு வங்கம் பீர்பூம் ஜில்லாவைச் சேர்ந்த, டில்லியில் குப்பை பொறுக்கிப் பிழைத்த ஒரு குடும்பத்தை 2025 ஜூனில் பிடித்து வங்க தேசத்துக்குள் தள்ளினார்கள். அதில் ஒரு கர்ப்பிணியும் இருந்தாள். சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குப் போய் டிசம்பரில்தான் அவள் திரும்பினாள். 2017-இல் ஜார்க்கண்டில் சிம்டேகா ஜில்லாவில், ஆதார் இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தான ஒரு வீட்டில் 11 வயதுச் சிறுமி "சோறு" என்று கேட்டுச் செத்தாள். இவர்கள் என்ன அயோக்கியத்தனம் செய்தார்கள்?

ஆகவே நாம் கேட்பது இது. ஒரே ஆள் என்று தெரிந்தபின் பெயரின் எழுத்துப் பிழைக்காக எந்தத் தொழிலாளியையும் திருப்பி அனுப்பக்கூடாது. சர்க்கார் குமாஸ்தா செய்த பிழையைத் திருத்தச் சர்க்கார் காசு வாங்கக்கூடாது. முகம் கொடுக்காதவனுக்கு ஒரு வரிசை எந்நாளும் திறந்திருக்க வேண்டும், அதுவும் மற்ற வரிசையைப் போல நகர வேண்டும். முகத்தை வைத்திருக்கும் கம்பெனி தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். தமிழ்நாட்டு விமான நிலையங்களில் தமிழ் பேசத் தெரிந்த காவலர்கள் ஒவ்வொரு வாசலிலும் வேண்டும். பாஸ்போர்ட்டைப் பறித்து வைக்கிற முதலாளியின் பெயரை நம் தூதரகங்கள் வெளியிட்டு, அவனுக்கு ஆள் அனுப்ப மறுக்க வேண்டும்.

தென்காசி ஜில்லாவில் பேரூராட்சிதோறும் இலவசப் பெயர் திருத்த முகாம் நடத்தக் கோரிக் கலெக்டருக்கு மனுக் கொடுப்பதை ஆய்க்குடியிலிருந்தே தொடங்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத் தோழர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். வருகிறவர்களை ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்து வரச் சொல்லுங்கள். எந்தக் காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பாதி விஷயம் விளங்கும்.